பழைய பிஎம்டபிள்யூ 320டி: எங்கே பழுது பார்ப்பது, எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

என்னுடைய 320டி 2013 மாடல். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையில் அசெம்பிள் செய்த கார். புதிதாக வாங்கியவர் முப்பது லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார். நான் எட்டு லட்சத்துக்கு வாங்கினேன். காரின் விலைதான் கால்வாசியாக இறங்கியிருக்கிறது. அதன் ஹெட்லைட், பம்பர், கியர்பாக்ஸ் எதுவும் அப்படி இறங்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி இறங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடுகிறது, ஒர்க்‌ஷாப் பில்லோ இறங்காத விலையில் வருகிறது. பழைய சொகுசு கார் வாங்குபவர்கள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். அதை மனதில் வைத்தே இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் பழுது. கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி ஒர்க்‌ஷாப்பா?

போன வருடம் கூலன்ட் அடிக்கடி குறைந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டும் என்று 1,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஜெர்மன் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் கூலன்ட் டேங்க் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். ஐந்து நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் டேங்கின் இரண்டு பாதிகள் ஒட்டும் விளிம்பில் நீலமாக ஒரு துளி எட்டிப் பார்த்து, மெதுவாக வழிந்தது. “தம்பி, இது ஒண்ணுதான். பிளாஸ்டிக்கு வயசாயிடுச்சு” என்றார். டேங்க்கையும் மூடியையும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

இதற்காகக் கம்பெனி சர்வீஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தயாரிப்புக் குறைக்காகக் காரைத் திரும்ப அழைத்துச் செய்யும் ரீகால் வேலைகளை அங்கேதான் இலவசமாகச் செய்வார்கள். பழைய கார் வாங்கியதும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். விபத்து வேலைக்கும் அவர்கள்தான் வசதி, இன்சூரன்ஸ் கம்பெனியே பில்லை நேராகக் கட்டும் கேஷ்லெஸ் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பாகத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் சின்னக் கோளாறைச் சரிசெய்வதை விட, அப்படியே முழுசாக மாற்றுவதுதான் அங்கே வழக்கம். வாரண்டி இருக்கும் வரை நமக்கு அது நல்லது. பத்து வயதுக் காருக்குக் கட்டுப்படியாகாது.

கியர்பாக்ஸ் எண்ணெய் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்பது பிஎம்டபிள்யூ சொல்லிவந்தது. அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதே சரி. ஃபில்டர் எண்ணெய்த் தட்டோடு சேர்ந்தே வரும், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். எனவே எந்த வெளி ஒர்க்‌ஷாப்பும் போதும் என்று விட்டுவிட முடியாது. எனக்கு ஒரு சோதனைக் கேள்வி உண்டு: பேட்டரி மாற்றினால் அதை காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்வீர்களா? பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே கார் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்கு விழிப்பவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

வெளி ஒர்க்‌ஷாப்பின் பெரிய லாபம் பாகங்களில் இருக்கிறது. முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன் ஆர்ம் மாற்றியபோது பெட்டியில் லெம்ஃபோர்டர் என்ற பெயர் இருந்தது. உள்ளே இருந்த அலுமினிய ஆர்மில் ஓர் இடம் மட்டும் வட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தது. அது பிஎம்டபிள்யூ முத்திரை இருந்த இடம். அதே தொழிற்சாலைப் பொருள்தான், முத்திரை இல்லாததால் விலை குறைவு. சஸ்பென்ஷன், ஃபில்டர், சென்சார் இவற்றுக்கு நான் இப்படித்தான் வாங்குகிறேன். சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி, டெயில் லைட், கதவுக் கைப்பிடி வாங்கலாம். பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்காதீர்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சட்டத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் காருக்கு ஒரு பைசா கிடைக்காது. ஃபுல் எடுத்தாலும் முழுசாகக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பத்து வயது தாண்டிய காருக்கு உலோகப் பாகங்களுக்கும் அதே 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. பம்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து 1,20,000 ஆனால், 60,000 நம் பையிலிருந்து போகும். இந்தக் கழிவைத் தடுக்கும் ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர், இந்த வயதுக் காருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் அறுந்தால், கியர்பாக்ஸ் போனால் எந்தப் பாலிசியும் தராது, அவை தேய்மானப் பழுதுகள். இந்த டீசல் எஞ்சினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினின் பின்பக்கமிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் ஃபுல் எதற்கு? பெரிய அடிக்கு, திருட்டுக்கு, தீக்கு, வெள்ளத்துக்கு. அதற்காகவே நான் எடுக்கிறேன். இங்கே முக்கியமானது ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அது நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்யும் தொகை. பிரீமியம் குறையும் என்று சில ஏஜெண்டுகள் ஐடிவியை இறக்கிப் போடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், பழுது பார்க்காமல் ஐடிவி தொகையோடு கணக்கை முடித்துவிடுவார்கள். ஐடிவி 7 லட்சம் என்றால் எல்லை 5,25,000. முன்பக்கம் இடித்து ஏர்பேக் வெடித்தால் இந்தக் காரில் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். ஐடிவியை 5 லட்சமாக இறக்கினால் 3,75,000த்திலேயே காரை இழந்துவிடுவீர்கள்.

சின்ன உரசலுக்கு க்ளெய்ம் போவதில்லை. க்ளெய்ம் போடாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் 50 சதவீதத் தள்ளுபடி, அதாவது என்சிபி, ஒரே க்ளெய்மில் பூஜ்யமாகிவிடும். அந்த என்சிபி காருக்குச் சொந்தமில்லை, ஓனருக்குச் சொந்தம். பழைய கார் வாங்கினால் விற்றவருடைய என்சிபி உங்களுக்கு வராது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொந்தக் காருக்கான க்ளெய்ம் நிற்காது.

செயின், கியர்பாக்ஸ், தேய்மானத்தில் கழியும் பாதி, எல்லாவற்றுக்கும் மாதம் 8,000 ரூபாய் தனிக் கணக்கில் போடுகிறேன். இந்தக் காருக்கு அதுதான் பாதி இன்சூரன்ஸ்.

சென்னையில் இருப்பவர்கள் ரினியூவலில் எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் கவர் இந்த வயதுக்குத் தருவார்களா என்று ஒவ்வொரு கம்பெனியாகக் கேளுங்கள். 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததாலேயே பல எஞ்சின்கள் போயின. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டனோடு இணைந்த ராடு வளைந்தால், அந்தக் கவர் இல்லாத பாலிசியில் க்ளெய்ம் மறுக்கப்படும். டயர் பாதி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, டோ வண்டி வரும்வரை காத்திருங்கள்.