ஒன்றரைக் கட்டையில் செத்துப்போகும் பேஸ்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி வந்தான். "அண்ணே, உங்க பேஸ் கிட்டார் மாடல் ஆன்லைன்ல நாலாயிரம் கொறஞ்சு கெடக்கு. வாங்கிரட்டா?"

"வாங்கிரு" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆறு வருஷமாக அதே பேஸோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), பி-ஜே பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தங்கள், பிரிசிஷன், ஜாஸ் ரகம் இரண்டும்), பேட்டரி தேவையில்லாத பாஸிவ் ரகம். மற்றதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது.

என் சண்டை முழுக்க ஜி கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டோடு (ஃப்ரெட் என்றால் கம்பியை அழுத்தும் இடத்தில் பதித்த உலோகக் கட்டு). அங்கே பிறக்கும் சுரம் சி ஷார்ப், நம் சுருதிக் கணக்கில் ஒன்றரைக் கட்டை. மற்ற ஃப்ரெட்டுகளில் அழுத்தித் தட்டினால் நாதம் பாட்டுக்கு நிற்கும். இந்த ஒன்றில் மட்டும் 'டும்' என்று ஒழுங்காகத்தான் பிறக்கும். மறுநொடி யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கின மாதிரி அடங்கிவிடும்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு கோயில் கொடைவிழாவில். ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிட்டது, மெதுவான பாட்டு, பாடகிக்கு ஏ மேஜர். பல்லவி முடிகிற இடத்தில் அந்த சி ஷார்ப்பில் நின்று அடுத்த தாளம் வரை இழுக்க வேண்டும். இழுத்தேன், ஒன்றும் இல்லை. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னடே, தூங்கிட்டியா?" என்றார். மைக்கில் கேட்டிருக்கும்.

ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஃப்ரெட் ஏற்ற இறக்கம் என்று சொல்லி, கம்பியைக் கழற்றி, எல்லா ஃப்ரெட்டையும் ராவி, பளபளவென்று திருப்பித் தந்தார்கள். ஆக்ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) அருமையாக இறங்கியிருந்தது. சி ஷார்ப் மட்டும் அதே பிணம். பிறகுதான் புரிந்தது: ஃப்ரெட் மேடாக இருந்தால் 'கிர்' என்று உரசும் சத்தம் கேட்கும். இங்கே உரசலே இல்லை. நெக்கும் (ஃப்ரெட் பதித்த கழுத்துப் பகுதி) அதிர்கிற மரம்தானே, அதற்கென்று ஒரு துடிப்பு உண்டு. கம்பியின் துடிப்பு (இந்த இடத்தில் சுமார் 138.6 ஹெர்ட்ஸ்) அதோடு ஒத்துப்போனால், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடும். ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தது. அந்த வழியில் வந்த, நெக்கை போல்ட் போட்டு மாட்டுகிற பேஸ்களில், ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழு ஃப்ரெட்டுக்குள் இப்படி ஒரு செத்த இடம் இருப்பது சகஜம். காசு அதிகம் கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. ஆகவே என் பேஸ் செய்த கம்பெனியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

தலைப்பக்கம் கனம் ஏற்றினால் நெக்கின் துடிப்பு வேகம் குறையும் என்று படித்து, ஹார்டுவேர் கடையில் தச்சர்கள் பயன்படுத்தும் கிளாம்ப் ஒன்று வாங்கி, பழைய பனியன் துணியைச் சுற்றி ஹெட்டில் முறுக்கினேன். சி ஷார்ப் எழுந்து உட்கார்ந்துவிட்டது! கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே வந்தேன். சி செத்துக்கிடந்தது. சர்ச்சில் பாதிப் பாட்டு சி மேஜர். ஆக, கொடைக்குப் போனால் கிளாம்ப் உண்டு, ஞாயிறு காலையில் கிடையாது. கிளாம்ப் போட்டால் ஏற்கெனவே தலை கனத்த பேஸ் இன்னும் முன்னால் சாயும், இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அதை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் கம்பி. தூத்துக்குடிக் கடல் காற்றில் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றின ரகம்) இரண்டு மாதத்தில் துருப்பிடித்துச் சொரசொரக்கும். வெந்நீரில் கொதிக்கவைத்தால் சுருளுக்குள் ஏறின அழுக்கு கழன்று சத்தம் திரும்பும். பத்து நாளில் மறுபடி அதே கதை. சலித்துப்போய், மேலே தட்டை நாடா சுற்றின ஃப்ளாட்வவுண்டுக்கு மாறினேன். முதல் செட்டை நானே பாழாக்கினேன். முனையை மடிக்காமல் கட்டரை வைத்துவிட்டேன். ஈ கம்பியின் மேல்சுற்று நாடா வழுக்கிப் பிரிந்து, கம்பி ஊமையாகிவிட்டது. கம்பியைச் சுற்றுகிற ட்யூனர் ஆணியைத் தாண்டி இரண்டு அங்குலம் விட்டு, செங்குத்தாக மடக்கி, அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும்.

அடுத்தது சிங்கப்பூர் மச்சான் வாங்கிவந்த டி'அடாரியோ குரோம்ஸ் ஃப்ளாட்வவுண்ட் செட், கம்பி கனம் 45–100. இழுவிசை கூடுதல் என்பதால் நெக் முன்னால் வளைந்தது. நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கி, ஒரு ராத்திரி விட்டு, இன்னொரு கால் சுற்று. மூன்று வருஷமாகிறது, அதே செட். விரல் நகரும்போது 'கீச்' சத்தம் இல்லை. சசிதரன் இளையராஜாவுக்கு வாசித்த வரிகளை வாசித்தால் ஒவ்வொரு சுரமும் உருண்டையாகத் தனித்து விழுகிறது. அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில் லா பெல்லா ஃப்ளாட்வவுண்டைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். ஏன் என்று இப்போது தெரிகிறது. ஃப்ளாட்வவுண்டில் எல்லாச் சுரமுமே கொஞ்சம் சீக்கிரம் அடங்குவதால், அந்த ஒன்று முன்பு மாதிரி காட்டிக்கொடுப்பதில்லை. ரொம்ப இழுக்க வேண்டுமானால் டி கம்பியின் பதினோராவது ஃப்ரெட்டுக்கு ஓடிவிடுவேன், அங்கேயும் அதே சுரம்தான்.

தம்பிக்கு வருகிறேன். உனக்குக் கட்டைவிரலால் அடிக்கிற ஸ்லாப் பைத்தியம், ஃப்ளாட்டில் அது எடுபடாது. நிக்கல் ரவுண்ட்வவுண்ட் போடு, வாசித்து முடித்ததும் துணியால் துடை. ஐந்து கம்பி ஆசையும் இருக்கிறது, தெரியும். அதில் கூடுதலாக வரும் பி கம்பியைச் சும்மா தட்டினால் 31 ஹெர்ட்ஸ். நம் சர்ச் ஸ்பீக்கர் பாக்ஸில் அது வெளியே வருமா? கை சிறிசாக இருப்பவர்களுக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் சரி, உன் கைக்குத் தேவையில்லை. எதுவானாலும் கடைக்கு நேரில் போய், பிளக் போடாமல், ஜி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தம் அடங்குகிற வரை காதை வைத்துக் கேள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

என்னுடையதை வாங்காதே. நெக் நல்ல நெக், பிக்கப் நல்ல பிக்கப், ஆறு வருஷத்தில் ஒரு ட்யூனர் கூடத் தளரவில்லை. இருந்தாலும் வாங்காதே. நாலாயிரம் தள்ளுபடியோடு கிளாம்பும் தருகிறார்களா என்று வேண்டுமானால் கேட்டுப் பார்.