எஸ்.பி. ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு சர்வீஸுக்குக் கொடுக்கப் போறீங்களா? 4,800 ரூபாய் போன கதை

பெங்களூர்ல கேமிங் பிசி வச்சிருக்கிற நம்ம ஆளுங்க, கார்டு சூடாகுதுன்னு கம்ப்யூட்டர் கடைகள் நிறைஞ்ச எஸ்.பி. ரோட்டுப் பக்கம் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. 4,800 ரூபாய் வாங்கிக்கிட்டு நல்லா இருந்த கார்டை நாசம் பண்ணி அனுப்பியிருக்காங்க.

என் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080. கேம்ல கோர், அதாவது மெயின் சிப், 76 டிகிரி, அந்த சிப்புல அதிகம் சூடாகிற இடமான ஹாட்ஸ்பாட் 90, மெமரி 106. கோர்ல ஒரு குறையும் இல்லை. ஆனா ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110-ஐத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், ஃப்ரேம் விழும். அதனால மெமரி சூட்டை மேல இருக்கிற உலோக ஹீட்சிங்க்குக்குக் கடத்துற தெர்மல் பேட்டை மாத்தணும், அவ்வளவுதான் வேலை.

மாடியில இருக்கிற சின்ன ரிப்பேர் கடை. "நீங்க சேலமா அண்ணா? நமக்கு தர்மபுரி"ன்னு ஆரம்பிச்சு டீ வரவழைச்சார் கடைக்காரர். கோருக்கு பேஸ்ட்டுக்குப் பதிலா சூட்டுல இளகி ஒட்டிக்கிற ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட், மெமரிக்கு சூடு கடத்துற திறன் 12 வாட்னு சொல்ற பேட், எல்லாம் ஒரிஜினல்னு பில்லுலயே எழுதினார். "நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நான் எங்க போறது?" இந்த ஒரு வார்த்தைக்குத்தான் 4,800 ரூபாய் ஜிபேல போச்சு.

கடையில கார்டுக்கு முழு லோடு கொடுத்துப் பார்க்கிற ஃபர்மார்க் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டினார், கோர் 66. வீட்டுக்கு வந்து கேம் போட்டா கோர் 84, ஹாட்ஸ்பாட் 108! கடை ஸ்கிரீனை எடுத்த போட்டோவை ஜூம் பண்ணினப்பதான் மூலையில போர்டு பவர் 190 வாட்னு இருந்தது தெரிஞ்சது. 3080 முழு லோடுல 320 வாட் இழுக்கணும். பவர் லிமிட்டை 60 சதவீதத்துக்குப் பக்கமா இறக்கி வச்சுக்கிட்டு டெஸ்ட் காட்டியிருக்கார். அயோக்கியத்தனம்.

போன் பண்ணினா, "ஷீட் செட் ஆகணும் அண்ணா, ஒரு வாரம் ஓட்டுங்க." அது அரை உண்மை. பிடிஎம் சில தடவை சூடாகி ஆறினா ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்கும். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இருக்கிற 24 டிகிரி இடைவெளி அதுல மூடாது. அடுத்து "உங்க கேபினெட்ல காத்தோட்டம் இல்ல." கேபினெட் அதேதானே, முன்னாடி 76 எப்படி வந்துச்சு? கடைசியா "சிப்பே போகுது, 9,000 ஆகும்." இப்போ போனையே எடுக்கிறதில்லை.

கார்டைத் திறந்தா உள்ளே பிடிஎம்மும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெள்ளை பேஸ்ட், சிப்பின் ஒரு மூலையில கனமா, எதிர் மூலையில கண்ணாடி மாதிரி மெலிசா. எல்லா இடத்திலயும் ஒரே 2 மி.மீ. பேட். பேட் தேவைக்கு மேல தடிமனா இருந்தா ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடிச்சுக்கும், கோர்ல அது சரியா உட்காராது. மெலிசா இருந்தா மெமரியைத் தொடவே தொடாது. அளவு மாடலுக்கு மாடல் மாறும், ஒரே கார்டுலயே மெமரிக்கு ஒண்ணு, சிப்புக்கு கரண்ட் கொடுக்கிற விஆர்எம் பகுதிக்கு ஒண்ணு இருக்கும். இது தெரியாதவன் கார்டைத் தொடக்கூடாது.

என்ன பார்க்கணும்னு விளக்கமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல இவ்வளவுதான் வருது. கொடுக்கிறதுக்கு முன்னாடி கார்டோட அளவுகளைக் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல கோர், ஹாட்ஸ்பாட், மெமரி, போர்டு பவர் நாலையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. வாங்கும்போது முழு பவர்ல 15 நிமிஷம் ஓட்டச் சொல்லுங்க. கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 20 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா பணம் கொடுக்காதீங்க. ஷீட்டை உங்க கண்ணு முன்னாடி ஒட்டச் சொல்லுங்க. அதுக்கும் முன்னாடி, கார்டு செட்டிங்கை மாத்துற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல 850 மில்லிவோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் வச்சு அண்டர்வோல்ட், அதாவது வோல்ட்டேஜைக் குறைச்சு ஓட்டிப் பாருங்க. கிராஷ் ஆனா மெகாஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்குங்க. காசே செலவில்லாம சூடு குறையும்.

4,800 ரூபாய் இன்னும் வரலை. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் கொடுத்தாச்சு. பில்லைப் பத்திரமா வச்சுக்குங்க, அங்க முதல்ல கேட்கிறது அதைத்தான்.