நானே பூட்டிய கடல்தொட்டி விளக்கு: 14 மாதம் எரித்த பிறகு

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கடல்தொட்டி ஒன்று இருக்கிறது. பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். மேலே தொங்கும் விளக்கு மட்டும் கடையில் வாங்கியது இல்லை. 44 எல்இடி, சூட்டை உறிஞ்சும் அலுமினிய ஹீட்சிங்க், எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் நான்கு டிரைவர், வெளிச்சத்தை ஏற்றி இறக்க ஓர் ஆர்டுயினோ (சின்னக் கணினிப் பலகை) என்று தனித்தனியாக வாங்கி நானே பூட்டியது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அதற்கு முன் சால்டரிங் இரும்பைத் தொட்டதுகூடக் கிடையாது.

முதலில் காசு. பாதிக்குப் பாதி மிச்சமாகும் என்று சொல்லித்தான் வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கினேன். கடைசியில் 390 வெள்ளி ஆனது. சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர், நான் கருக்கிய எல்இடிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் சுமாரான ரெடிமேட் விளக்கே வந்திருக்கும். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

சாமான்களில் பெரும்பாலானவை சிம் லிம் டவரில் கிடைத்தன. கணினியும் கைப்பேசியும் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு. இது உதிரிபாகக் கடைகள் நிறைந்த பழைய கட்டடம். நான் போன கடையில் இருந்த அங்கிள் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, தொடராக இணைக்கும் ஒரு வரிசையில் எத்தனை எல்இடி என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். ஒன்றுக்கு மூன்றேகால் வோல்ட் வைத்தாலே 39 ஆயிற்று, டிரைவருக்கும் மூன்று நான்கு வேண்டும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். நான் கேட்ட 36 வோல்ட் பவர் சப்ளையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு 48 வோல்ட்டைக் கொடுத்தார். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் கூட்டல் வரவில்லை! அந்த ஒரு நிமிடத்துக்காகவே மறுபடி அதே கடைக்குப் போவேன். பக்கத்திலேயே தேக்கா என்பதால் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

டிரைவர்கள் மீன்வெல் நிறுவனத்தின் எல்டிடி 700. தீப்பெட்டியை விடச் சிறியவை, 700 மில்லியாம்பியரை நிலையாகக் கொடுக்கின்றன. இந்த 14 மாதத்தில் ஒன்றுகூடச் சூடேறிப் படுக்கவில்லை. எல்இடியில் 24 ராயல் ப்ளூ, அதாவது அலைநீளம் 450 நானோமீட்டர் அக்கம்பக்கம். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு இந்த நீலம்தான் முக்கியத் தீனி. கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கிவிடும், நீலம் கடைசிவரை நிற்கும். மீதியில் வயலெட்டும் சாதா நீலமும் கலந்து 12, வெள்ளை 8. வெள்ளை நம் கண்ணுக்காக. அது இல்லாவிட்டால் கூடம் முழுக்கப் போலீஸ் வண்டி வந்து நிற்பது போல இருக்கிறது என்று எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்கிறார்.

ஹீட்சிங்கில் கஞ்சத்தனம் செய்யாததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நம் ஊரில் கூடம் எப்போதும் 30 டிகிரி, தண்ணீரும் அவ்வளவு சூடானால் பவளத்துக்குப் பயம். எல்இடியின் சூடு பெரும்பாலும் முதுகு வழியாக உலோகத்துக்குப் போகிறது. அங்கே ஒரு விசிறி அதை ஊதித் தள்ளிவிடுவதால், பழைய மெட்டல் ஹாலைடு விளக்கைப் போலத் தண்ணீரை நேராக வாட்டுவதில்லை. 12 வோல்ட் விசிறியை 9 வோல்ட்டில் ஓட்டுகிறேன், சத்தமே இல்லை.

எல்இடிகளைப் பசையால் ஒட்டாமல் திருகால் முடுக்கினேன். ஒவ்வொரு திருகின் தலைக்கடியிலும் நைலான் வாஷர். இல்லாவிட்டால் திருகு சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகும். முதல் வரிசையில் எனக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் மல்டிமீட்டரால் ஹீட்சிங்கோடு சோதித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இனி என் பெரிய தவறு. நான்காவது மாதம், ஒரு நாள் விடியற்காலை எழுந்து வந்தால் தொட்டி முழு வீச்சில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஆர்டுயினோவிலிருந்து டிரைவருக்குப் போகும் மெல்லிய ஒயர் ஒன்று இரவில் கழன்றிருக்கிறது. ஒயர் கழன்றால் விளக்கு அணைந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த டிரைவரில் நேர்மாறு: வெளிச்சத்தை மங்கலாக்கும் கால் (பின்) எதிலும் சேராமல் இருந்தால் முழு வெளிச்சம். தகவல் தாளில் தெளிவாகவே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. 40 சதவீத வெளிச்சத்துக்குப் பழகியிருந்த அகான் பவளம் ஒரு பக்கம் வெளுத்தது. பழைய நிறம் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. டிரைவர் பக்கத்திலேயே அந்தக் காலை கிரவுண்டோடு இணைக்கும் சின்ன ரெசிஸ்டர், சில காசு விலை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இப்போது நான்கு வரிசைக்கும் போட்டிருக்கிறேன்.

இணையத்தில் மலிவாக வாங்கிய வயலெட் எல்இடிகளும் சரியில்லை. ஒன்பதாவது மாதம் ஒன்று போய், தொடரிணைப்பு ஆனதால் அந்த வரிசை பன்னிரண்டும் இருண்டது. திருகு போட்டதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹீட்சிங்கை இறக்கி, ஒன்றைக் கழற்றி, வேறொன்றைப் பூட்டி, இருபது நிமிடத்தில் மறுபடி எரிந்தது. சீல் வைத்த விளக்காக இருந்திருந்தால் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்திருப்பேன்.

பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி அளந்தேன். மேல்பாறையில் 220, மணலில் 70. ஹாமர், அகான், ஸோவா போன்ற பவள வகைகளை வளர்க்க இது தாராளம். ஒரு குறை: வெள்ளையும் நீலமும் தள்ளித் தள்ளி இருப்பதால் மணலில் கலர் கலராக நிழல் ஆடுகிறது. நெருக்கிப் பூட்டியிருக்க வேண்டும். இன்னும் 20 துளை போட வேண்டுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். பண்டிகை விளக்கு மாதிரி அழகாகத்தானே இருக்கிறது என்கிறார் வீட்டுக்காரர்.