2,150 ரூபாய்க்குப் பழைய பேட்டரியைப் புதிதென்று கொடுத்தார்கள்: பழைய பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மூன்று நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. 2,150 ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்கள், வலையங்குளத்தில் முக்கால் ஏக்கர் மல்லிகையை வைத்துப் பிழைக்கிறவன் வீட்டுக்கு வந்து கேளுங்கள். விலை இறங்கிய வாரத்தில் பூப் பறிக்க வருகிறவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு, உரக்கடைக்குத் தவணை கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பது அவ்வளவுதான். அந்த 2,150 ரூபாயை ஒருவர் சிரித்துப் பேசி வாங்கிக்கொண்டு, செத்த பேட்டரியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் வண்டி 2010-ஆம் ஆண்டு பல்சர் 220. தம்பி சிங்கப்பூருக்குப் போகும்போது விட்டுச் சென்றது. இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. வழக்கமாகச் செல்ஃப் மோட்டாரைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப முடியும். அதனால் பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். விடிவதற்கு முன் பறித்த மொட்டை மூட்டையாகக் கட்டி, மண்டேலா நகர், சிந்தாமணி, விரகனூர் என்று சுற்றுச்சாலை பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவது இந்த வண்டியில்தான். போன மாதம் ஒரு நாள் காலை, பட்டனை அழுத்தினால் ரிலே மட்டும் ‘டிக் டிக்’ என்று அடித்தது. மோட்டார் சுற்றவில்லை. நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி. அதற்கு வயதாகிவிட்டது என்று எனக்கே தெரியும். அதில் வருத்தமில்லை.

அன்று எப்படியோ பூவைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு நேராக மதுரைக்குள் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். இன்வெர்ட்டர் பேட்டரி, கார் பேட்டரி, பைக் பேட்டரி என்று பல நிறுவனங்களின் சரக்கையும் அடுக்கி வைத்து, பழைய பேட்டரியையும் எடுத்துக்கொள்ளும் கடை. பெயரையும் தெருவையும் எழுத மாட்டேன். புகார் கொடுக்கப் போவதால் பொதுவில் பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி. என் சட்டையில் ஒட்டியிருந்த பூக்காம்பைப் பார்த்துவிட்டு, “எந்த ஊர் தம்பி?” என்றார். வலையங்குளம் என்றேன். “அடடா, என் மாமனார் ஊருக்குப் பக்கம்” என்று பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். மழை பெய்ததா, மொட்டுக் கட்டியிருக்கிறதா, தரகு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பேட்டரியைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் உறவுதான் பேசினார்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு பேட்டரியை எடுத்து வந்தார். பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்டிக்கர் பளபளத்தது. 12 வோல்ட், 9 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு), பராமரிப்பு தேவையில்லை, 48 மாத வாரண்டி என்று எழுதியிருந்தது. அட்டைப்பெட்டி இல்லையே என்றேன். “டிஸ்ப்ளேக்காகப் பிரித்தது தம்பி, உங்களுக்காகவே சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்” என்றார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக் காட்டினார். 12.8 வோல்ட். “பார்த்துக்கொள்ளுங்கள், புதுப் பேட்டரி என்றால் இப்படித்தான் இருக்கும்.” அதற்குப் பிறகு செய்ததுதான் என்னை வீழ்த்தியது. அந்தப் பேட்டரியைக் கொண்டுபோய்க் கடையில் மாட்டியிருந்த மீனாட்சி அம்மன் படத்துக்கு முன் ஒரு கணம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அம்மன் முன்னால் வைத்துக் கொடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

விலை 2,400. பழைய பேட்டரிக்கு 250 கழித்து 2,150 ரூபாய் என்றார். பில் கேட்டேன். “பில் போட்டால் வரி சேர்ந்து விலை ஏறிவிடும் தம்பி, உங்களுக்கு எதற்கு வீண் செலவு? வாரண்டி கார்டு போதும்” என்று ஒரு கார்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். சீரியல் எண் இருக்க வேண்டிய இடம் காலி. கையில் பூ விற்ற பணம் 1,150 இருந்தது. அதைப் பணமாகக் கொடுத்து, மீதி 1,000 ரூபாயைச் செல்போனில் யுபிஐ வழியாக அனுப்பினேன். என் பழைய பேட்டரி அவர் கடையின் உள்ளறைக்குப் போனது. அந்த உள்ளறையில் அது என்ன ஆகியிருக்கும் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது.

பத்தொன்பதாவது நாள், முகூர்த்த நாளுக்கு முந்தைய காலை. பதினெட்டுக் கிலோ மொட்டு கட்டி வண்டியில் ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். டிக் டிக். என் மனைவியும் நானும் இருட்டில் வண்டியைத் தள்ளி, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டுப் பார்த்தோம். கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் சரக்கு ஆட்டோ வந்து, அதில் ஏற்றி மார்க்கெட்டில் இறக்கியபோது மணி எட்டரை. விடியற்காலையில் கிலோ 900 போன பூவை 600-க்குக் கொடுத்தேன். மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏற ஏற மொட்டு விரியும், விலை இறங்கும். அந்த நஷ்டத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்பது அந்த 2,150 ரூபாயை மட்டுமே.

கடைக்குப் போனேன். முதல் முறை, “சார்ஜ் இறங்கியிருக்கும், வைத்துவிட்டுப் போங்கள், நாளை வாருங்கள்.” மறுநாள் வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு நாள் ஓடியது, மறுபடி படுத்தது. இரண்டாம் முறை, “பேட்டரி தங்கம் மாதிரி இருக்கிறது தம்பி. உங்கள் வண்டி பழசு. ஆர்.ஆர். யூனிட், அதாவது பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும் ரெகுலேட்டர், போயிருக்கும். அது சார்ஜ் ஏற்றாவிட்டால் நான் என்ன செய்வேன்?” உண்மையாக இருக்குமோ என்று பயந்து, அவனியாபுரத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன்.

அந்தப் பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். வேறொரு நல்ல பேட்டரியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகிப் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தான். 14.2 வோல்ட். “13.5-க்கு மேல் 14.5-க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம் அண்ணே. வண்டியில் குறை இல்லை.” பிறகு என் பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றி, மீட்டரை எடுக்காமலேயே செல்ஃபை அழுத்தச் சொன்னான். 12.7-இல் நின்ற எண் சட்டென்று 7-க்கு விழுந்தது. நல்ல பேட்டரி என்றால் மோட்டார் சுற்றும்போதும் ஒன்பதரைக்குக் கீழே போகக் கூடாதாம். பிறகு 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நேராகப் பேட்டரியில் இணைத்து எரியவிட்டான். 9 ஆம்பியர் அவர் உள்ள புதுப் பேட்டரி அந்தப் பல்பைப் பத்து மணி நேரத்துக்காவது எரிக்க வேண்டும். என்னுடையது ஐம்பது நிமிடத்தில் மங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடையில் காட்டிய 12.8 பொய்யான எண் அல்ல. ஆனால் அது எதையும் சொல்லாத எண். சார்ஜரிலிருந்து இறக்கிய சூட்டில், உள்ளே தகடெல்லாம் சல்பேட் படிந்து கெட்டுப்போன கிழட்டுப் பேட்டரியும் அந்த எண்ணைக் காட்டும். ஒரு தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை நிற்பது தெரியும், தொட்டிக்குள் பாதிக்குச் சேறு இருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படித்தான் இதுவும்.

எலக்ட்ரீஷியன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறினான். அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை, அழுக்கோடு காய்ந்து கிடந்தது. மேல் மூடிப் பட்டையின் விளிம்பில் திருப்புளியால் நெம்பிய தடம். தயாரிப்புத் தேதிக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். முனைகளில் பலமுறை போல்ட் முடுக்கிய கீறல். “யாரோ கழித்துப்போட்ட பேட்டரி அண்ணே. மூடியைத் திறந்து ஆசிட் ஊற்றி, கழுவி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்” என்றான். 2,150 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது அது.

மூன்றாம் முறை இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனேன். “கம்பெனி ஆள் புதன்கிழமை வருவார், அவரிடம் காட்டலாம்” என்றார். புதன்கிழமை போனால் கடையில் பையன் மட்டும். “முதலாளி கும்பாபிஷேகத்துக்குப் போயிருக்கிறார்.” போன் எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்தேன். சனிக்கிழமை ஆளைப் பிடித்தேன். அன்று டீ இல்லை, ‘தம்பி’ என்ற அழைப்பும் இல்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன்னால், “சார், இது எங்கள் கடைப் பேட்டரியே இல்லை. பில் காட்டுங்கள்” என்றார். பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். வாரண்டி கார்டை நீட்டினேன். “சீரியல் எண் இல்லாத கார்டு செல்லாது.” 1,000 ரூபாய் அனுப்பியதைச் செல்போனில் காட்டினேன். “வேறு எதற்காவது அனுப்பியிருப்பீர்கள்.” மாமனார் ஊர்க்காரனை அவர் அப்படிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அம்மன் படம் அதே இடத்தில் மாட்டியிருந்தது.

பழைய வண்டிக்குப் பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது எனக்குக் கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லிலும் கார்டிலும் சீரியல் எண்ணை உங்கள் கண்முன் எழுதச் சொல்லுங்கள். தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பெட்டியில்லாத பேட்டரியை எடுக்காதீர்கள். மீட்டரில் நின்ற வோல்ட்டை நம்பாதீர்கள், செல்ஃபை அழுத்தும்போது எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வண்டிக்கு எத்தனை ஆம்பியர் அவர் என்று கையேட்டில் இருப்பதையே வாங்குங்கள். கையில் தூக்கிப் பாருங்கள், உங்கள் பழையதைவிட மிகவும் லேசாக இருந்தால் உள்ளே ஈயம் குறைவு. 48 மாதம் என்றால் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் என்று பிரித்துக் கேளுங்கள். புதுப் பேட்டரி போடுவதற்கு முன் வண்டி சார்ஜ் ஏற்றுகிறதா என்று வெளியே ஓர் எலக்ட்ரீஷியனிடம் பார்த்துவிடுங்கள், பிறகு பழியை வண்டி மேல் போட முடியாது. பணத்தை முழுவதும் யுபிஐயில் கொடுங்கள். நான் 1,150 ரூபாயைக் கையில் கொடுத்து ஆதாரத்தை இழந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நேற்றுப் பேசினேன். பணம் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை என்று வக்கீல் சொன்னார். எனக்கு வர வேண்டியது 2,150 ரூபாய். அந்தப் பேட்டரியைச் சாக்கில் சுற்றி மோட்டார் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். பாதி உரித்த ஸ்டிக்கரை அப்படியே விட்டிருக்கிறேன். ஆணையத்தில் மேசைமேல் அதைத்தான் வைக்கப் போகிறேன்.