லேட்டக்ஸா, பிவிசியா?

மேடைக்கோ, சினிமா, காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடமிடும் காஸ்பிளேக்கோ பளபள உடை தேடுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வருவார்கள். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உடம்பில் ஏறினால்தான் வித்தியாசம் தெரியும்.

லேட்டக்ஸ் என்பது ரப்பர் பால். கன்னியாகுமரிப் பக்கம் மரத்தில் வெட்டி எடுக்கிறார்களே, அதுதான். உடைக்கான ஷீட் பெரும்பாலும் 0.4 மி.மீ. தடிமன்தான். ஊசி குத்திய ஓட்டையிலிருந்தே கிழிசல் ஓடும் என்பதால் வழக்கமாகத் தைப்பதில்லை, பசை போட்டு ஒட்டுகிறார்கள். நன்றாக இழுபடும், அளவு சரியாக இருந்தால் சுருக்கமில்லாமல் உடம்போடு ஒட்டி நிற்கும்.

ஆனால் அதன் நச்சரிப்பு கொஞ்சமல்ல. பவுடரோ சிலிக்கோன் திரவமோ தடவாமல் உள்ளே நுழைய முடியாது. பளபளப்புக்கும் தனியாக சிலிக்கோன் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறித் தொய்ந்துவிடும். வெயில் ஆகாது. பித்தளை, செம்பு பிடித்த கையால் வெளிர் நிற உடையைத் தொட்டால் பழுப்புக் கறை விழும், போகாது. வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பவுடர் போட்டு இருட்டில் வைக்க வேண்டும்.

பிவிசி உடை என்பது பெரும்பாலும் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட் 1963இல் பிவிசி மழைக்கோட்டுகளைக் கொண்டுவந்தபோது தையல் பெரிய தலைவலியாக இருந்தது. இன்று அடியில் துணி இருப்பதால் தையல்காரரே தைத்துவிடுவார். விலை குறைவு, பளபளப்பு கூடவே வரும். ஆனால் அவ்வளவாக இழுபடாது. முட்டியிலும் இடுப்பிலும் மடிப்பு விழும், நடந்தால் சரசரக்கும். அதை வளைய வைப்பது உள்ளே சேர்த்த பிளாஸ்டிசைசர். அது வருடக்கணக்கில் வெளியேற, உடை விறைத்து வெடித்து உரியும். டிரை கிளீனிங்குக்குப் போட்டால் சீக்கிரமே விறைத்துவிடும். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

காற்று இரண்டிலும் புகாது. சென்னை மே மாதத்தில் எதைப் போட்டாலும் வியர்வைக் குளியல்தான்.

ஒரு நாள் நிகழ்ச்சிக்கு, பராமரிக்கப் பொறுமை இல்லை என்றால் பிவிசி போதும். உடல்வாகு அப்படியே தெரிய வேண்டிய வேடத்துக்கு பிவிசி எடுபடாது, லேட்டக்ஸ்தான். அப்புறம், ரப்பர் கையுறை போட்டோ பலூன் ஊதியோ அரிப்பு வந்தவர்கள் லேட்டக்ஸ் பக்கமே போக வேண்டாம். அந்த ஒவ்வாமைக்குக் காரணமான ரப்பர் புரதம் பிவிசியில் கிடையாது.