ஒற்றை மாத்திரை தரும் மூடி: எட்டு மாதம், இரண்டு புட்டி

என் அம்மாவுக்கு 76 வயது. தைராய்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அவர் சாப்பிடும் மாத்திரைகள் அட்டையில் வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் தனி அறை உண்டு, விரலால் அழுத்தினால் ஒன்றுதான் வெளியே வரும். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் அப்படியன்று. சட்டைப் பித்தானைவிடச் சிறிய 120 மாத்திரைகள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டிக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு முன்னால், அவற்றுள் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். கைநடுக்கம் உள்ளவருக்கு அது எளிய காரியமில்லை. "ஒண்ணு எடுக்கப் போனா ஒம்பது கொட்டுது கண்ணு" என்று அம்மா ஒரு நாள் சலித்துக்கொண்ட பிறகுதான் அவர் மாத்திரை எடுப்பதை நான் கவனித்துப் பார்த்தேன். முகம் கழுவிய ஈரம் முழுவதும் காயாத உள்ளங்கையில் மாத்திரைகள் விழுகின்றன. ஒன்று வாய்க்குப் போகிறது. மீதி எட்டும் அந்த ஈரத்தோடு புட்டிக்குள் திரும்புகின்றன. வெளிச்சம், வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் ஆகாத மருந்து அது. புட்டியின் அடியில் கிடந்த சிலவற்றின் ஓரம் பொருபொருவென்று உதிரும் நிலையில் இருந்தது.

அதற்குத் தீர்வாக இணையத்தில் 349 ரூபாய்க்கு வாங்கியதுதான் இந்த மூடி. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு மாத்திரை மட்டும் விழும் என்பது விளம்பரம். ஒரே மோல்டில், அதாவது வார்ப்பு அச்சில், பிறந்த பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதைப் பார்த்ததால், நான் வாங்கியதன் பெயரைச் சொல்வதில் வாசகர்களுக்குப் பயனில்லை என்று விட்டுவிடுகிறேன். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மூடிகளுக்கு மோல்டு வரைவதுதான் என் தொழில் என்பதால், இந்த மதிப்புரையில் வாங்கியவனின் அனுபவத்தோடு தொழில்காரனின் முணுமுணுப்பும் சேர்ந்தே வரும்.

அமைப்பு புதியதன்று. சர்க்கரைக்குப் பதிலாகக் காபியில் போடும் இனிப்பு மாத்திரையின் சிறு டப்பாவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மூடியின் உட்புறம் புனல்போல் குறுகி இறங்குகிறது. புனலின் வாயில் குறுக்கே நகரும் ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டில் ஒரு மாத்திரை மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. புட்டியைத் தலைகீழாகப் பிடிக்கும்போது ஒரு மாத்திரை குழிக்குள் விழுகிறது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் தகடு நகர்ந்து, குழியில் இருப்பதை வெளிவாயின் மேல் கொண்டுபோய்ப் போடுகிறது. அந்த நேரத்தில் புனலின் வாயைத் தகட்டின் மறுபகுதி அடைத்துக்கொள்கிறது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். பிரான்ஸ் நாட்டு ஹோமியோபதி நிறுவனமான புவாரோன் தன் உருண்டைக் குழாய்களில் வேறொரு வழியைக் கையாள்கிறது. அங்கே குழாயைக் கவிழ்த்து மூடியைத் திருகினால் உருண்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்குள்ளேயே விழும், கை படாமல் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது. அம்மாவின் கை நடுங்கினாலும் கட்டைவிரலால் அழுத்தும் வலு குறையவில்லை. புட்டியை ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து அழுத்துகிறார், டிங் என்று ஒன்று விழுகிறது. எட்டு மாதமாக எந்த மாத்திரையும் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் புட்டிக்குத் திரும்பியதில்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனதைத் துடைப்பத்தால் தேடும் வேலையும் ஒழிந்தது. பொத்தானின் இழுப்பும் அளவானது. ஸ்பிரிங்கை இன்னும் சற்றுக் கடினமாக வைத்திருந்தால் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயன்படாமல் போயிருக்கும், தளர்த்தியிருந்தால் கைப்பையில் கிடக்கும்போதே அழுந்திவிடும். அந்த நடு அளவைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் நல்ல தொழில்காரர்.

சிக்கல் குழியில் இருக்கிறது. இவ்வகை மூடியின் உயிர்நிலை அந்தக் குழியின் அளவுதான். மற்றவையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய கூடு. குழியின் ஆழம் மாத்திரையின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், மிகவும் கூடினால் அடுத்த மாத்திரையின் ஓரமும் உள்ளே இறங்கிவிடும். இந்த மூடியோடு 6, 8, 10 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று மாற்றுத் தகடுகள் தருகிறார்கள். மூன்றுக்கும் ஆழம் 4 மில்லிமீட்டர்தான். அம்மாவின் மாத்திரையை வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் அளந்தேன். விட்டம் 7, கனம் 2.5 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர்த் தகட்டைப் போட்டால் அகலம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆழத்தில் 1.5 மில்லிமீட்டர் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்ச இடத்தில் இரண்டாவது மாத்திரை சாய்வாகத் தலையை நீட்டிக்கொண்டு உட்காரும். தகடு நகரும்போது அதன் ஓரம் புனலின் விளிம்பில் மோதும். பெரும்பாலான நேரங்களில் அது மேலே துள்ளிப் போய்விடுகிறது. சில நேரங்களில் ஓரம் நறுக்கப்படுகிறது. இரண்டு புட்டிகளுக்கும் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். மூன்று முறை ஓரம் உடைந்த மாத்திரை கிண்ணத்தில் விழுந்தது, வாரம் ஒருமுறையாவது தகட்டைக் கழற்றி வெள்ளைத் தூளைத் துடைக்க வேண்டியிருந்தது.

வேறு மருந்தாக இருந்தால் ஓரத் தூளைப் பெரிதாக நினைக்கமாட்டேன். இது மில்லிகிராமில்கூட அல்ல, மைக்ரோகிராமில் எண்ணப்படும் மருந்து. 25, 50, 75, 100 என்று படிகள் வைத்து, சில நேரம் 12.5 மைக்ரோகிராமைக் கூட்டியும் குறைத்தும் மருத்துவர்கள் அளவைச் சரிபார்க்கிறார்கள். அத்தகைய மருந்தின் ஓரத்தைச் சீவும் கருவியை நல்ல கருவி என்று முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை. குழியின் அடியில் ஒரு மில்லிமீட்டர்த் தகடு ஒட்டினால் தீர்ந்துவிடும் என்று கை துறுதுறுத்தது. மருந்து உரசும் இடத்தில் பசை வைக்கலாகாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இதற்கு அடுத்தது அடைப்பு. மாவு மில்லில் கூம்புத் தொட்டியைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பார்களே, அதே காரணம்தான். குறுகிய வாயை நோக்கி ஒரே நேரத்தில் இறங்கும் மணிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக் கமான் கட்டிவிடும். வாய் மணியின் அளவைப்போல் பல மடங்கு அகலமாக இருந்தால்தான் ஓட்டம் தடைபடாது. ஆனால் ஒன்றை மட்டும் விடும் வாய் ஒன்றின் அளவில்தான் இருந்தாக வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் பிறவிப் பகை. இதற்காகத் தகட்டின் மேல் சிறு கொண்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது மேலே இருக்கும் மாத்திரைகளைக் கிளறிவிடுகிறது. வட்டமான, இரு பக்கமும் சற்றே உப்பிய மாத்திரைக்கு அது போதுமானதாக இருக்கிறது. வீட்டில் இருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை, நீளவாக்கில் இருப்பதை, 10 மில்லிமீட்டர்த் தகட்டோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஒழுங்காக விழவில்லை. விளம்பரத்தில் "எல்லா மாத்திரைக்கும்" என்று போட்டிருப்பது பொய்.

கழுத்துப் பொருத்தத்திலும் அதே ஆசை தெரிகிறது. 28, 33, 38 மில்லிமீட்டருக்கு மூன்று வளையங்கள் தருகிறார்கள். புட்டித் தொழிலில் கழுத்தை விட்டத்தால் மட்டும் சொல்வதில்லை. 38-400 என்றால் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் மரையின், அதாவது மூடி திருகி ஏறும் வரியின், வகை. 400 என்பது ஏறத்தாழ ஒரு சுற்று மரை, 410 என்பது ஒன்றரைச் சுற்று. விட்டம் ஒன்றாக இருந்தும் மரை வேறாக இருந்தால் மூடி பாதியில் நின்று ஆடும். அம்மாவின் புட்டிக்கு 33 வளையம் சிக்கெனப் பொருந்தியது. சுண்ணாம்புச் சத்துப் புட்டியில் 38 வளையம் அரைச்சுற்றில் இறுகி நின்றுவிட்டது. மரை வகையைப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இன்னொரு தலைவலி. புட்டியைக் கவிழ்க்கும்போது அதுவும் மாத்திரைகளோடு இறங்கி வந்து புனலின் வாயில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வெறும் டக் டக்தான். குறிப்புத் தாளில் "பொட்டலத்தை எடுத்துவிடவும்" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறார்கள். ஈரத்திலிருந்து காப்பாற்ற வாங்கிய மூடிக்காக ஈரம் உறிஞ்சியைத் தூக்கி எறிவதா? வெளிவாயில் இருக்கும் சிலிகான் இதழ் நன்றாகவே மூடுகிறது என்றாலும், அது திருகு மூடியின் இறுக்கத்துக்கு ஈடாகாது. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரைக் குழாய்களைப் பாருங்கள். ஈரம் உறிஞ்சியை மூடிக்குள்ளேயே ஓர் அறை கட்டி அடைத்திருப்பார்கள். இந்த மூடியிலும் புனலைச் சுற்றி வீணாகக் கிடக்கும் வளைய இடத்தில் அதைத் தாராளமாக வைக்கலாம், மோல்டில் பெரிய வேலையுமில்லை. இப்போதைக்கு நான் பொட்டலத்தை ஒரு மெல்லிய துணிநாடாவில் கட்டிப் புட்டியின் அடிப்பக்கம் நிற்கும்படி வைத்திருக்கிறேன். அழகாக இல்லை, வேலை செய்கிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த மூடி கூடவே கூடாது. அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடியை, கனடாவின் வின்ட்சர் நகரில் மருந்து விழுங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்த ஆன்ரி ப்ரோ என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியால் 1967-இல் உருவாக்கினார்கள். 1970-இல் அமெரிக்கா அத்தகைய மூடிகளைச் சட்டமாக்கியது. அங்குள்ள சோதனையில் 42 முதல் 51 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் மூடியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் 5 நிமிடத்தில் 85 விழுக்காட்டினராலும், திறப்பதைச் செய்துகாட்டி மேலும் 5 நிமிடம் கொடுத்த பிறகும் 80 விழுக்காட்டினராலும் திறக்க முடியாமல் போனால்தான் மூடி தேறும். அதே மூடியை 50 முதல் 70 வயதுள்ளவர்களில் 90 விழுக்காட்டினர் திறந்தும் காட்ட வேண்டும். நான் வாங்கிய மூடி அந்தச் சோதனையின் முதல் நிமிடத்தைத் தாண்டாது. பொத்தான், சத்தம், உள்ளிருந்து விழும் பொருள் என்று ஒரு விளையாட்டுச் சாமானுக்குரிய எல்லா இலக்கணமும் அதற்கு உண்டு. விடுமுறைக்கு வந்த என் அக்காவின் பேரன் அதை ஒருமுறை பார்த்ததோடு, புட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. இரும்புச் சத்து மாத்திரை போன்ற, குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தானவற்றுக்கு இதைப் போடுவதை யாரும் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இந்த மூடி செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. இன்று மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்ற கேள்விக்கு இதனிடம் பதிலில்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளருக்கும் 1960-களின் தொடக்கத்தில் இதே கவலை. தன் மனைவி அன்றைய கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் தவித்தவர், பிளாஸ்டிக் வட்டங்களை அடுக்கி, துளையிட்டு, நாள் காட்டும் சுழல்தட்டு ஒன்றை வீட்டிலேயே செய்தார். 1964-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒன்றை மட்டும் கொடுப்பதும், கொடுத்ததை நினைவில் வைப்பதும் ஒரே கருவியில் அன்றைக்கே கூடிவிட்டன. இந்த மூடியின் விளிம்பில் ஞாயிறு முதல் சனி வரை எழுதிய ஒரு வளையத்தை, அழுத்தும்போது ஒரு பல் நகரும்படி வைத்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அம்மா அதற்குத் தானே ஒரு வழி கண்டிருக்கிறார்: மாத்திரை விழுங்கிய பிறகுதான் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது. நேற்றைய தேதி தொங்கினால் மாத்திரை பாக்கி.

என் கணிப்பில் இதற்கு ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் அம்மாவின் உள்ளங்கை ஈரத்தை மாத்திரையிடமிருந்து பிரித்ததற்காக. குறைத்த இரண்டும் எல்லா மாத்திரைக்கும், எல்லாப் புட்டிக்கும் பொருந்த ஆசைப்பட்டதற்காக. இனிப்பு மாத்திரைக்காரர்களின் டப்பா தவறுவதில்லை என்றால், தங்கள் மாத்திரையின் அளவு அவர்களுக்கே தெரியும், அதற்கென்றே குழி வெட்டினார்கள் என்பதுதான் காரணம். மாதாமாதம் ஒரே அளவு மாத்திரையை ஒரே அளவு புட்டியில் அடைக்கும் தைராய்டு மருந்து நிறுவனங்களுக்கு அது இன்னும் எளிது. மூடியைக் கடையில் தனியாகத் தேட வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது.

அதுவரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், மாத்திரை வட்டமாகவும் மேற்பூச்சோடும் இருந்தால் துணிந்து வாங்கலாம். பூச்சில்லாத மாத்திரையென்றால் தூள் துடைக்கத் தயாராக இருங்கள். அட்டையில் வரும் மாத்திரைகளைப் பிரித்து இதற்காகப் புட்டியில் கொட்ட வேண்டாம். வாங்குவதற்கு முன் புட்டியின் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் இல்லாதவர்கள், மரையின் மேலாகவே ஒரு நூலைச் சுற்றி எடுத்து அதன் நீளத்தைப் பார்த்தால் போதும்: 88 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் 28 வளையம், 104 என்றால் 33, 119 என்றால் 38.