ஒன்றரை வருஷமாக அரபிப் பட அட்டைகள்: எங்கள் வீட்டு அனுபவம்

பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள்: மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. மகள் மக்தபில் (குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில்) குர்ஆன் அழகாக ஓதுவாள். ஆனால் "இது என்ன?" என்று அரபியில் கேட்கத் தெரியாது. அந்தக் கவலையில்தான் 60 பட அட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன்.

முதல் மூன்று மாதம் பைத் (வீடு), கலம் (பேனா), ஸமக் (மீன்) என்று சொற்களை ஒப்பித்தாளே தவிர வாக்கியம் வரவில்லை. அட்டையின் பின்பக்கம் இங்கிலீஷில் அர்த்தம் இருந்ததால் நானும் அதை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள், "உம்மா, 'இஸ்'ஸுக்கு அரபியில என்ன?" என்று கேட்டாள். அப்படி ஒரு சொல் அங்கே தேவையே இல்லை! "ஹாதா கலமுன்" என்றால் "இது பேனா". தமிழ் போலவே இரண்டே சொல். அன்றைக்கே இங்கிலீஷ் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். அந்த வாரமே "மா ஹாதா?" (இது என்ன?) என்று வீட்டில் உள்ளதையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அரபியில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. சூரியன் பெண்பால், அதனால் "ஹாதிஹி ஷம்ஸுன்". சந்திரன் ஆண்பால், "ஹாதா கமருன்". அட்டைகளில் இதற்கு எந்த அடையாளமும் இல்லை. எனக்கு இது பெரிய குறை. பெண்பால் அட்டைகளுக்கு நானே சிவப்புக் கோடு போட்டேன். பாதி அட்டைகளில் ஹரகத்தும் (உயிரொலியைக் காட்டும் குறிகள்) இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மகன் அட்டையைத் தொடவே இல்லை, ராத்தா (அக்கா) சொல்வதைக் கேட்டே பிடித்துக்கொண்டான். அதனால் பசித்தால் அவளைப் போலவே "அனா ஜாயிஆ" என்பான். தமிழில் "பசிக்குது" எல்லோருக்கும் பொது. அரபியில் பையன் "ஜாயிஉ" என்று சொல்ல வேண்டும். திட்டவில்லை. "ஓ, என் மகன் ஜாயிஉவா?" என்று திருப்பிக் கேட்டபடியே தட்டை வைப்பேன். இரண்டு வாரத்தில் தானாக மாறிவிட்டது.

அப்புறம், குவைத்தில் இருக்கும் அவர்கள் வாப்பா போனில் "அபி மாய்" என்பார், தண்ணீர் வேண்டும் என்று. அட்டையில் "உரீது மாஅன்". எது சரி என்று பிள்ளைகள் குழம்பினார்கள். ஒன்று வாப்பா ஊர்ப் பேச்சு, ஒன்று கிதாபுப் (புத்தகப்) பேச்சு என்று சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். நாமும் வீட்டில் ஒரு மாதிரி பேசி, பாடத்தில் வேறு மாதிரி எழுதுகிறோமே.

இப்போது அட்டைகளின் ஓரம் பிய்ந்துவிட்டது, எடுப்பதும் குறைவு. சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் அதிகம் பேசுகிறார்கள். வாங்குவதானால் ஹரகத்து முழுதாகப் போட்ட, பெண்பாலுக்குத் தனி நிறம் உள்ள அட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.